பதினான்காவது நிமிடம்

ப்ரேமர்ஹாஃபன் மீன்துறையில்
குளிர்கிடங்கின் மேல்மாடி எங்களுடையது.
கீழே ஹெர்ரிங் பெட்டிகள். மேலே நாங்கள் நால்வர்.
பலகைத் தரை வழியே
ராப்பகலாக முனகும் இயந்திரம்தான்
எங்கள் ஆதார சுருதி.
அதன்மேல் ஓனோ கிடாரைக் கிடத்தி
வயலின் வில்லால் தேய்ப்பான்.
"இதைப் பாட்டு என்று சொல்லாதே, வீப்கே.
இது ஒரு வெப்பநிலை."
இசைத்தட்டின் பெயர்: மைனஸ் பதினெட்டு.

எழுபத்து மூன்று. பெட்ரோல் வற்றிய குளிர்காலம்.
ஞாயிற்றுக்கிழமை கார் எடுக்கக் கூடாதென்று சட்டம்.
நெடுஞ்சாலையில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள்.
ஊர் வாயை மூடிக்கொண்ட அந்த ஞாயிறுகளில்தான்
பதிவு செய்தோம்,
இருபத்தொரு நிமிடம், ஒரே மூச்சில்.
என் ஆர்கனில் இரண்டு கட்டைகளுக்கு மட்டுமே அனுமதி.
மூன்றாவதைத் தொட்டால்
ஓனோ கண்ணைத் திறந்துவிடுவான்.

பாதி தாண்டியபோது
ட்யார்க்குக்கு விக்கல் வந்தது.
டிரம்ஸுக்குப் பின்னால் கன்னம் உப்பி,
கண்ணில் நீர் முட்ட
மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.
நாடா நின்றதும் மூன்று பேரும் சிரித்தோம்.
ஓனோ நாடாவின் மேல் தேதி எழுதினான்.

ஹாம்பர்க்கிலிருந்து கம்பெனிக்காரர் பூல்ஸ் போன் செய்தார்:
இரண்டாம் பக்கத்தில் இரண்டு நிமிடம் காலி,
வெறும் பள்ளத்துக்கு எவன் காசு கொடுப்பான்?
சரி என்று சும்மா ஒரு கேலிக்கு
ட்யார்க் விக்கினான்.
நிஜ விக்கல் எப்போதோ நின்றுபோயிருந்தது, இது நடிப்பு.
நான் பொம்மை ட்ரம்பெட் ஊதினேன்.
டெட்லெஃப் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கத்தினான்.
திறந்த பீர் நுரை அடங்குவதற்குள்
வேலை முடிந்தது.

எந்த வானொலிக்காரன்
எந்தக் காலைத் தூக்கத்தில்
ஊசியைத் தவறான இடத்தில் வைத்தானோ.

நாலு லட்சம் தட்டுகள்.
பீர் கூடாரங்களில் ஹிக்.
கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குத் திரும்பினால் ஹிக்.
என் பல்லைப் பிடுங்கிக்கொண்டே பல் மருத்துவர், ஹிக்.
வயிற்று மருந்து ஒன்றின் விளம்பரத்தில்
ஒரு வாத்து எங்கள் பாட்டை விக்கியது.

ஓல்டன்பர்க் கச்சேரியில்
நீண்டதை ஆரம்பித்தோம்.
முதல் நிமிடத்தில் கூட்டத்தில் ஒருவன் விக்கினான்.
பிறகு நானூறு பேர்.
ஓனோ நிறுத்தவில்லை.
தந்தி ஒன்று அறுந்தது. அறுந்த தந்தியையும் தேய்த்தான்.
இருபத்தொரு நிமிடமும் முடித்து
ஒயரை முழங்கையில் பொறுமையாகச் சுற்றிக்கொண்டு
இறங்கிப் போனான்.
மறு வாரம் அதே கிடங்கின் கீழ்மாடியில்
பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தான்.
அதே சுருதி. மாதச் சம்பளம் வேறு.

ட்யார்க் பதினொரு வருடம் உல்லாசக் கப்பல்களில்
இரவு ஒன்பதேகாலுக்கு விக்கினான்.
வீட்டில் நிஜமாகவே விக்கல் எடுத்தால்
மனைவி தண்ணீர் தரமாட்டாளாம்,
ஒத்திகை என்று நினைத்து.
யாரோ நம்மை நினைத்தால்தான் விக்கும் என்பார்கள், இங்கேயும்.
ஊரே நினைத்த மனிதன்
தாகத்தோடு செத்தான்.

பொய் சொல்ல மாட்டேன்.
என் சமையலறைக் கூரை விக்கலால் வேய்ந்தது.
ஒழுகியதில்லை.

போன மாதம் லைப்சிக்கிலிருந்து ஒரு பெண்
பழைய தட்டை மறுபடி அச்சிட அனுமதி கேட்டாள்.
நீண்டது மட்டும் போதுமாம். மற்றதைப் பற்றி
அவளுக்குத் தெரியவே தெரியாது.
நாற்பது வருடம் கழித்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.
பதினான்காவது நிமிடம்,
சிம்பலின் அதிர்வு தேய்கிற இடத்தில்,
எலி தும்மியதுபோல
ஹிக்.

நாற்காலி கிறீச்சிட்டதைக்கூட
பிளேடால் நறுக்கி எறிந்தவன் ஓனோ.
இதை விட்டுவைத்திருக்கிறான்.

போன் செய்தேன்.
"பதினாலாவது நிமிஷம்," என்றேன்.
நெடுநேரம் பதிலில்லை.
அவன் வீட்டு ஃபிரிட்ஜ் முனகுவது மட்டும் கேட்டது.
"அரைச் சுரம் இறங்கியிருக்கிறது," என்றான்,
"உனக்கும் கேட்கிறதா?"